சரிகமபதநி எந்த கீ-ல இருக்கு?

இன்னைக்கு எபிசோட் ஒரு கீபோர்டுல ஆரம்பிச்சு, திருத்தணி, எட்டயபுரம் அச்சுக்கூடம்னு சுத்திட்டு மறுபடி கீபோர்டுக்கே வரப்போகுது. பக்கத்துல லேப்டாப் இருந்தா முதல்ல ஒரு சின்ன சோதனை.

மியூஸ்ஸ்கோர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. இசையை ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நோட்டேஷன்ல எழுதறதுக்கானது. 2002-ல வெர்னர் ஷ்வேர்ங்கற ஜெர்மன் புரோகிராமர் ஆரம்பிச்சது. அதுல 'என்' கீயைத் தட்டினா ஸ்வரம் எழுதற மோடுக்குப் போகும். அப்புறம் சி, டி, இ தட்டினா அந்தந்த ஸ்வரம் கோட்டுல வந்து உட்காரும். மவுஸே தேவையில்லை. வேகமா எழுதறவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க.

இப்போ கீபோர்டைத் தமிழ்99-க்கு மாத்துங்க. அதே சி, டி, இ-யைத் தட்டினா கம்ப்யூட்டருக்குப் போறது ஒ, உ, ஊ. எஃப் தட்டினா வெறும் புள்ளி. 'என்' தட்டினா ல. நீங்க எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்த தமிழ் எழுதி வச்சிருக்கீங்கங்கறதைப் பொறுத்து மியூஸ்ஸ்கோர் சில சமயம் புரிஞ்சுக்கும், பல சமயம் சும்மா முழிக்கும். பாட்டுக்குக் கீழே தமிழ்ல சாகித்யம் டைப் பண்ணிட்டு, அடுத்த ஸ்வரம் போட ஒவ்வொரு தடவையும் மொழியை மாத்தணும். நாலு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குதோ இல்லையோ, மண்டை காஞ்சிடும்.

இதை வெறும் பக்னு நினைச்சுத்தான் நான் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட, இது 130 வருஷப் பழைய பிரச்சினைன்னு தெரிஞ்சது. நம்ம இசையை எழுதறதுக்கு யாரோட எழுத்து, யாரோட குறி, யாரோட மெஷின்? அச்சு எழுத்து காலத்திலேயே இந்தக் கேள்விக்காக ரெண்டு பேர் உடம்பையும் காசையும் கரைச்சிருக்காங்க.

கதை திருத்தணியில இருந்து ஆரம்பிக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் பிறந்தது திருவாரூர். அப்பா ராமசுவாமி தீட்சிதரோட சென்னை பக்கத்து மணலியில இருந்தார், அப்புறம் குருவோட காசிக்குப் போய் சில வருஷம் தங்கினார். திரும்பி வந்து திருத்தணிக்குப் போனப்போ, ஒரு முதியவர் வாயில கற்கண்டு போட்டார், அந்த இனிப்போட முதல் கீர்த்தனை வந்ததுன்னு ஐதீகம். கற்கண்டு கதையை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். மாயாமாளவகௌளையில அமைஞ்ச ஸ்ரீநாதாதிதான் அவரோட முதல் கீர்த்தனைன்னு சங்கீத உலகம் சொல்லுது. அவரோட முத்திரையான 'குருகுஹ'ங்கற பேரும் அந்த மலை முருகனோடதுதான். அவர் 1835-ல எட்டயபுரத்துல இறந்தார். பாட்டெல்லாம் சிஷ்யர்கள் வாயிலயும் குடும்பத்துக்காரங்க ஓலையிலயும் இருந்தது.

இன்னொரு விஷயம். வெள்ளைக்காரன் பேண்டுல கேட்ட மெட்டுகளுக்கு தீட்சிதர் சம்ஸ்கிருதத்துல சாகித்யம் எழுதியிருக்கார். அதுக்குப் பேரு நோட்டு ஸ்வரம். இங்கிலீஷ் 'நோட்' அப்பவே நம்மாளுங்க வாயில 'நோட்டு' ஆயிடுச்சு. அதாவது ரெண்டு இசைமுறையும் ஒரே ஊர்ல, ஒரே காதுக்குள்ள ஏற்கெனவே சந்திச்சாச்சு. தாள்ல சந்திக்கத்தான் நேரம் பிடிச்சது.

தாள்ல முதல்ல பெரிய அளவுல முயற்சி பண்ணவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். மெட்ராஸ் அரசாங்கச் செயலகத்துல வேலை பார்த்த கிறிஸ்தவர், எம்.ஏ. படிச்சவர். கர்நாடக சங்கீதத்தை ஸ்டாஃப் நோட்டேஷன்ல அச்சடிச்சு உலகம் முழுக்கக் கொண்டுபோகணும்னு முடிவெடுத்தார். தியாகராஜரோட கீர்த்தனைகளை வாலாஜாபேட்டை சிஷ்ய பரம்பரைகிட்ட கேட்டு எழுதினார். வாலாஜா திருத்தணிக்கு ரொம்ப தூரம் இல்லை, சோளிங்கர் தாண்டினா வந்துடும். 1893 வாக்குல அந்தப் புத்தகம் பகுதி பகுதியா வந்தது.

அவர் ஏன் ஸ்டாஃப் நோட்டேஷனை எடுத்தார்? ஒரு புரோகிராமரா எனக்கு இது உடனே புரியுது. அதுக்கு ஏற்கெனவே அச்சு எழுத்து இருந்தது, விதி இருந்தது, உலகம் பூரா படிக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தாங்க. இன்னைக்கு நாம புதுசா ஒண்ணு எழுதாம, இருக்கிற லைப்ரரியை இம்போர்ட் பண்ற மாதிரி. ஆனா இம்போர்ட் பண்ணா அதோட குறையும் சேர்ந்து வரும். ஸ்டாஃப்ல ஸ்வரம் தெளிவா நிற்கும். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நடக்கிற அசைவு, அதாவது கமகம், அதுல சரியா நிற்காது. தோடி ராகத்துல வர்ற காந்தாரத்தை ஒரு கோட்டுல ஒரு முட்டையா வரைஞ்சா அது தோடியே இல்லை.

சின்னசாமி முதலியாரோட உழைப்பு அவரைச் சாப்பிட்டுடுச்சு. சொந்தக் காசு போச்சு, கண்பார்வை போச்சு. ஆனா அவர் பண்ண இன்னொரு காரியம் இந்தக் கதையையே திருப்பிப் போட்டது. தீட்சிதர் பாட்டுகளைத் தேடி, எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதரைப் பிடிச்சார். இவர் முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதரோட மகள் வயித்துப் பேரன், அவராலேயே தத்து எடுக்கப்பட்டவர். கையில இருக்கிற எல்லாத்தையும் அச்சுல ஏத்தணும்னு இவரையும் எட்டயபுரம் ராஜாவையும் சின்னசாமி முதலியார் விடாம வற்புறுத்தினார். அதோட பலன் 1904-ல வந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. முத்துசுவாமி தீட்சிதரோட 229 கீர்த்தனை, 72 மேளத்து ராகங்கள், 76 சங்கீதக்காரர்களோட வாழ்க்கைக் குறிப்பு, எல்லாம் ஒரே நூல்ல. அதைப் பார்க்க சின்னசாமி முதலியார் உயிரோட இல்லை.

சுப்பராம தீட்சிதர் எடுத்த வழி நேர் எதிர். அவர் ஸ்டாஃபை இம்போர்ட் பண்ணலை. நம்ம ஸரிகமபதநியையே எழுத்தா வச்சு, மேல கமகத்துக்குத் தனித்தனிக் குறி போட்டார். கம்பிதத்துக்கு அலை மாதிரி ஒரு கோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல ஏறற சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கற சாய்கோடு. நொக்குன்னு ஒண்ணு, ஸ்வரத்தை மேல இருந்து அழுத்திப் பிடிக்கிறது, அதுக்கு இங்கிலீஷ் 'டபிள்யூ' மாதிரி ஒரு குறி. இன்னும் ரவை, ஒடுக்கல், ஓரிகைனு போகுது. ஒவ்வொண்ணும் வீணைத் தந்தியில விரல் என்ன பண்ணணும்னு சொல்ற ஒரு கட்டளை. சாதாரண அச்சுக்கூடத்து கேஸ்ல இந்தக் குறியெல்லாம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கம்போஸ் பண்ண அந்தத் தொழிலாளிங்க ஸ்வர எழுத்து, அதுக்கு மேல கமகம், ஸ்தாயிப் புள்ளி, கீழே சாகித்யம்னு அடுக்கடுக்கா ஈயத்தைக் கோர்த்திருக்கணும். அவங்க பேரு நமக்குத் தெரியாது.

எட்டயபுரம் இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டம். ஆனா புத்தகம் தெலுங்கு எழுத்துல. அன்னைக்கு கர்நாடக சங்கீதத்தோட அச்சு மொழி பெரும்பாலும் தெலுங்குதான், எட்டயபுரம் ஜமீனும் தெலுங்கு வழி வந்ததுதான். அந்தப் புத்தகம் உருவான 1902–04 சமயத்துல அதே அரண்மனையில வேலை பார்த்த ஒரு இளைஞர் சுப்பிரமணிய பாரதி. 1906-ல சுப்பராம தீட்சிதர் இறந்தப்போ பாரதி ஒரு இரங்கல் பாட்டு எழுதினார். தமிழ் எழுத்துல அந்தப் புத்தகம் வர 1961 வரைக்கும் காத்திருக்கணும், அப்போதான் சென்னை மியூசிக் அகாடமி பகுதி பகுதியா வெளியிட ஆரம்பிச்சது.

நடுவுல என்ன ஆச்சு? நீங்க இன்னைக்கு மயிலாப்பூர்ல ஒரு கடையில போய் கீர்த்தனை நோட்டேஷன் புத்தகம் வாங்குங்க. பெரும்பாலானதுல ஸ்வரம் இருக்கும், தாளக் கோடு இருக்கும், கமகக் குறி இருக்காது. பாடாந்தரம் குருகிட்டதான் கேட்கணும், எழுத்துல எதுக்குன்னு ஒரு வாதம் உண்டு. அதுல நியாயமும் இருக்கு. ஆனா என் சந்தேகம் கொஞ்சம் தொழில்நுட்பம் சார்ந்தது. குறி அச்சுக்கூட கேஸ்ல இல்லை, அப்புறம் டைப்ரைட்டர்ல இல்லை, அப்புறம் கீபோர்டுல இல்லை. கீ இல்லாத குறியை யாரும் அடிக்கறதில்லை. அடிக்காத குறி ரெண்டு தலைமுறையில மறந்துபோகும்.

டைப்ரைட்டரைக் கொஞ்சம் பார்த்துடலாம். தமிழ்ல 247 எழுத்து, மெஷின்ல அவ்வளவு கீ கிடையாது. யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயா பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையாதான் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு, ஜெர்மனியில மெஷின் செய்ய வச்சார். புள்ளி, கொக்கி மாதிரி சில கீயை அழுத்தினா வண்டி நகராது, அடுத்த எழுத்து அதே இடத்துல வந்து விழும். அவ்வளவு சாமர்த்தியம் எழுத்துக்கே செலவாயிடுச்சு. அலைக்கோட்டுக்கு எங்க இடம்?

அடுத்து 1999. அந்த வருஷம் பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்தது, அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஒரே கீபோர்டை ஏத்துக்கிச்சு. அதுதான் தமிழ்99. உயிர் 12, மெய் 18, புள்ளி ஒண்ணு, ஆக 31 கீ. உயிர் இடது கையில, மெய் வலது கையில. அடிக்கடி வர்ற எழுத்து நடு வரிசையில. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ நடு வரிசையில வலது பக்கம் மட்டும் பாருங்க. எச், ஜே, கே, எல், செமிகோலன். அதுல இருக்கிற தமிழ் எழுத்து என்ன? க, ப, ம, த, ந.

ஏழு ஸ்வரத்துல அஞ்சு! கையைச் சும்மா கீபோர்டுல வச்சா விரலுக்குக் கீழே ப, ம, த, ந. ஆள்காட்டி விரலை ஒரு கீ இடது பக்கம் நகர்த்தினா க. கீழ் வரிசையில எம் கீயில ர. மேல் வரிசையில சதுர அடைப்புக்குறியில ச. இதைப் பார்த்தப்போ நான் நாற்காலியில இருந்து எழுந்து நின்னுட்டேன். யாரும் சங்கீதத்துக்காகத் திட்டம் போடலை. தமிழ்ல அடிக்கடி வர்ற மெய்யெழுத்தும் ஸ்வர எழுத்தும் பெரும்பாலும் ஒண்ணாவே இருக்கு, அவ்வளவுதான். ஆனா இங்கிலீஷ்க்காரனுக்கே கிடைக்காத வசதி இது. அவனோட ஏ முதல் ஜி வரைக்கும் ஏழு கீயும் இடது பக்கமா மூணு வரிசையிலயும் சிதறிக் கிடக்கு.

சிதறல் நம்ம பிரச்சினை மட்டும் இல்லை. பிரான்ஸ்ல மேல் வரிசை எண் வரணும்னா ஷிஃப்ட் அழுத்தணும். ஆனா மியூஸ்ஸ்கோர்ல ஸ்வரத்தோட கால அளவு எல்லாம் எண் கீயிலதான் இருக்கு, 5 தட்டினா கால் நோட். அதனால பிரெஞ்சு கீபோர்டுக்குன்னு தனி ஷார்ட்கட் கோப்பே வச்சிருக்காங்க. ஜெர்மனியில இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும். போதாததுக்கு, மத்தவங்க 'பி'ன்னு சொல்ற ஸ்வரத்துக்கு அவங்க 'எச்'னு பேர் வச்சிருக்காங்க. பாக் தன் பேரையே நாலு ஸ்வரமா வாசிச்சது அதனாலதான். ஐரோப்பாவுக்குள்ளேயே இப்படின்னா நம்ம கதை ஆச்சரியம் இல்லை.

டெக்னிக்கலா என்ன நடக்குதுன்னு ஒரு நிமிஷம். ஒரு கீயைத் தட்டினா கீபோர்டு அனுப்பறது எழுத்தே இல்லை, 'நடு வரிசையில ஆறாவது கீ'ங்கற மாதிரி ஒரு இட எண். ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இடத்தை எடுத்து, இப்போ எந்த மொழின்னு பார்த்து, எழுத்தா மாத்தும். ஷார்ட்கட் எழுதறவர் இடத்தைக் கேட்கலாம், இல்லை எழுத்தைக் கேட்கலாம். பிரௌசர்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ரெண்டுக்கும் தனித்தனிப் பேரே இருக்கு. எழுத்தைக் கேட்டு எழுதின புரோகிராம் மொழி மாறினதும் திணறும். சில தமிழ் எழுதிகள் இன்னும் ஒரு படி மேல போய், நீங்க தட்டின கீயை முழுங்கிட்டு, தயாரான தமிழ் எழுத்தை மட்டும் அனுப்பும். அப்போ புரோகிராமுக்கு எந்த கீ தட்டப்பட்டதுன்னே தெரியாது.

இதையெல்லாம் நான் ஏன் பண்ணேன்னா, என் சித்திக்காக. திருத்தணி பக்கத்துல கே.ஜி.கண்டிகையில இருக்காங்க, பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கறாங்க. அவங்க குருகிட்ட எழுதிக்கிட்ட மூணு நோட்டு இருக்கு. பாதி தெலுங்கு, பாதி தமிழ். அந்த ஊர்ப் பக்கம் இது சகஜம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிஞ்சுதான் இந்தப் பக்கம் வந்தது. கோடு நகர்ந்தது, வீட்டுப் பேச்சு அப்படியே இருந்தது. சித்தியோட வகுப்புலயும் சில பசங்க தெலுங்குலதான் எழுதுவாங்க.

நோட்டுல ஸ்வரத்துக்கு மேல சிவப்பு மையில அலை அலையா வரைஞ்சிருக்கு. காகிதம் மடிப்புல உதிர ஆரம்பிச்சாச்சு. ஸ்கேன் பண்ணியாச்சு, ஆனா சித்திக்கு அதை பசங்களுக்குத் திருத்தமா அச்செடுத்துக் கொடுக்கணும். முதல் பக்கத்தை நான் டைப் பண்ணிக் காட்டினப்போ, "எல்லாம் சரிடா, அலை எங்க? அலை இல்லாம இது எந்த ராகம்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. "அதுக்கு கீ இல்லை சித்தி"ன்னேன். "கீ இல்லன்னா வச்சுக்கோ"ன்னாங்க.

சரி, வச்சுக்கிட்டோம். விண்டோஸ்ல ஆட்டோஹாட்கீன்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. எந்த இடத்து கீயைத் தட்டினா புரோகிராமுக்கு எது போகணும்னு அதுல எழுதிடலாம், அதுவும் மியூஸ்ஸ்கோர் ஜன்னல் முன்னாடி இருக்கும்போது மட்டும். ஸட்ஜமத்தை சி-ன்னு நிலையா வச்சுக்கிட்டோம். நம்ம இசையில ஸ பாடறவங்க சுருதிக்கு ஏத்த மாதிரி நகரும், ஆனா எழுத்துக்கு ஒரு இடம் வேணுமே. அப்போ அடைப்புக்குறி கீ ச, அதாவது சி. எம் கீ ரி, அதாவது டி. எச்-ல இ, கே-ல எஃப், ஜே-ல ஜி, எல்-ல ஏ, செமிகோலன்ல பி. எம், ஜே எல்லாம் மியூஸ்ஸ்கோர்ல ஏற்கெனவே வேற வேலை பார்த்துக்கிட்டு இருந்தது, அதையெல்லாம் கண்ட்ரோல்-ஆல்ட் பக்கம் தள்ளினோம். புத்தகத்துல ச-வை ஸ-ன்னுதான் அச்சடிப்பாங்க. தமிழ்99-ல ஸ ஷிஃப்டோட க்யூ. முதல் ஸ்வரத்துக்கே ரெண்டு கை ஆகும்னு அதை விட்டுட்டோம்.

அப்புறம் தெலுங்குப் பசங்க. தெலுங்குல பல பேர் அடிக்கிற இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அமைப்பு. அதுல எச் கீயில இருக்கிறது ப. தமிழ்99-ல அதே எச் க. ஒரே கீ, ஒரே லேப்டாப், ஒரே வகுப்பு, ஒரு பையன் காந்தாரம்னு தட்டினா இன்னொருத்தனுக்குப் பஞ்சமம். அதனால ரெண்டு செட் எழுதி, எஃப்12 கீயில மாத்திக்கிற மாதிரி வச்சிருக்கேன். எந்த செட் ஓடுதுன்னு திரை மூலையில த, தெ-ன்னு காட்டும்.

ஸ்டாஃபுக்குக் கீழேயே சரிகம எழுத்தும் வேணும்னு சித்தி கேட்டாங்க. அங்கதான் ஒரு அழகான சிக்கல். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு எழுத்து மேல ஒரு புள்ளி வைப்பாங்க. தமிழ்ல எழுத்து மேல புள்ளி வச்சா அது மெய்யெழுத்து! மேல் ஸ்தாயி 'ப'வும் 'ப்'பும் தாள்ல பார்க்க ஒண்ணுதான். பாடறவங்களுக்குக் குழப்பம் வராது, ஸ்வர வரிசையில மெய்யெழுத்து தனியா வராதே. கம்ப்யூட்டருக்கு வரும். புள்ளி அடிச்சா சர்ச்லயும், திரையைப் படிச்சுக் காட்டற கருவியிலயும் அது 'ப்'னுதான் போகும். யூனிகோட்ல ஒட்டுப் புள்ளின்னு தனியா ஒரு குறியீடு இருக்கு, அதைப் போட்டா பல தமிழ் எழுத்துருல புள்ளி கோணலா ஓரமா நிக்குது. தெலுங்குல இந்தத் தலைவலியே இல்லை. சுப்பராம தீட்சிதர் தெலுங்கை எடுத்ததுக்கு இது காரணம் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் அந்த ராத்திரி அவர் மேல கொஞ்சம் பொறாமையா இருந்தது.

ஃபைலை மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்துலயும் சேமிக்கறோம். ஃபினாலேன்னு 1988-ல இருந்து ஓடின பெரிய நோட்டேஷன் சாஃப்ட்வேரை 2024 ஆகஸ்ட்ல நிறுத்தறதா அறிவிச்சாங்க. 36 வருஷக் கோப்புகளோட பல பேர் நடுத்தெருவுல நின்னாங்க. சித்தி நோட்டுக்கு அந்த நிலைமை வேண்டாம்.

கமகம்? கம்பிதத்துக்கு மியூஸ்ஸ்கோர்ல இருக்கிற அலைக்கோட்டையே எடுத்துக்கிட்டோம். மேற்கத்திய இசையில அதுக்கு அர்த்தம் வேற, ஆனா பசங்களுக்கு இங்க என்ன அர்த்தம்னு முதல் பக்கத்துலயே எழுதியாச்சு. ஜாருவுக்கு கிளிசாண்டோ கோடு. ரெண்டுக்கும் ஷார்ட்கட் கிடையாது, தனியா ஒரு பாலெட் போட்டு மவுஸ்ல இழுக்கணும். நொக்குக்கு மட்டும் எதுவும் பொருந்தலை. இப்போதைக்கு ஸ்வரம் மேல ஒரு சின்ன 'டபிள்யூ'வை டெக்ஸ்டா போடறோம், 1904-ல எட்டயபுரத்துல போட்ட மாதிரியே. முதல் நோட்டுல 11 கீர்த்தனை முடிஞ்சிருக்கு. ரெண்டு செட் ஸ்கிரிப்ட்டும் இந்தப் பக்கத்துக்குக் கீழே இருக்கு, தமிழ்99 இல்லாம டைப்ரைட்டர் முறையில அடிக்கிறவங்க யாராவது மூணாவது செட் எழுதி அனுப்பினா சேர்த்துடறேன்.